குடிலில் தொட்டில் காலி. பிள்ளைகள் வயிறு காலி இல்லை!

புயல், பரீட்சை, கிறிஸ்துமஸ்: தண்டையார்பேட்டைப் பள்ளிக்கூடங்களின் டிசம்பர்

தண்டையார்பேட்டை, டிச.-

டிசம்பர் பிறந்துவிட்டால் வடசென்னை கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு மூன்று விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று பரீட்சை. இன்னொன்று கிறிஸ்துமஸ். மூன்றாவது புயல்!

பரீட்சை தேதி சொல்லிவிட்டு வரும். கிறிஸ்துமசும் தேதி தவறாது. புயல்தான் இடையில் புகுந்து மற்ற இரண்டையும் கலைத்துவிட்டுப் போகும். அதனால்தான் இந்த மாதத்தில் வகுப்புக்குள் அதிகம் கேட்கும் கேள்வி கணக்கும் அல்ல, தமிழும் அல்ல. "நாளைக்கு லீவா மிஸ்?" என்பதுதான்.

பள்ளி ஆண்டு முடிவது ஏப்ரலில். ஆனால் காலண்டர் ஆண்டு முடியும்போது பள்ளிக்கூடத்துக்குக் கை நிறைய வேலை. சின்ன வகுப்புகளுக்கு இரண்டாம் பருவத் தேர்வு, பெரிய வகுப்புகளுக்கு அரையாண்டுத் தேர்வு. அது முடிந்து 24-ந் தேதி வாக்கில் விடுமுறை. அதற்குள் ஸ்டார் கட்ட வேண்டும், பாட்டுப் பயிற்சி முடிக்க வேண்டும், குடில் போட வேண்டும்.

நாலு மெழுகுவர்த்தி

கிறிஸ்துமசுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளைக் கொண்ட நாட்களுக்குத் திருவருகைக் காலம் என்று பெயர். நவம்பர் 30-ந் தேதிக்கு எந்த ஞாயிறு பக்கமோ, அன்று தொடங்கும். பூசை வைக்கும் சாமியார் ஊதா உடைக்கு மாறுவார். பச்சை இலை வளையத்தில் நாலு மெழுகுவர்த்தி நிற்கும். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். மூன்றாவது ஞாயிறு 'மகிழ்ச்சி ஞாயிறு'. ரோஜா நிறத்துக்கு அன்றுதான் முறை.

இந்த வளையம் பிறந்ததே ஏழைப் பிள்ளைகளுக்காகத்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம். அதுவும் நம் ராயபுரம் மாதிரி துறைமுக ஊர்! அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு விடுதி நடத்தியவர் யோகான் ஹின்ரிக் விக்கர்ன். லூத்தரன் சபைக்காரர். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்களாம். 1839-ம் ஆண்டு ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி. தினம் ஒன்று ஏற்றி, பிள்ளைகளையே எண்ண வைத்தார். பின்னாளில் கத்தோலிக்கர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

கேழ்வரகு முளைக்கிறது

குடிலுக்கு வயது இன்னும் அதிகம். இத்தாலியில் கிரேச்சோ என்ற கிராமத்தில், 1223-ம் ஆண்டு, புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோல் பரப்பி, மாடும் கழுதையும் நிறுத்தி, பெத்லகேம் காட்சியைச் செய்து காட்டினார். அன்று தொடங்கிய வழக்கம்தான் தண்டையார்பேட்டைப் பள்ளிக்கூடத்து மேஜை வரை வந்திருக்கிறது.

இங்கே குடிலுக்கு மலை வேண்டுமா? தாளைக் கசக்கி, சாயம் தெளித்தால் மலை. புல் வேண்டுமா? தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவிவிட்டால் போதும், ஒரு வாரம் பத்து நாளில் பச்சைப் பசேல் என்று எழுந்து நிற்கும். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே வரும். போன வருஷம் காது உடைந்த ஆட்டுக்குக் கோந்து வைத்தியமும் நடக்கும்.

நடுவில் இருக்கும் தொட்டில் மட்டும் காலி. மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டிதான் இந்தக் கதையில் தொட்டில். குழந்தை இயேசு சுருபத்தை 24-ந் தேதி நள்ளிரவுப் பூசையில்தான் கோவில் குடிலில் வைப்பார்கள். பள்ளிக்கூடங்களில் விடுமுறைக்கு முந்தைய விழா நாளிலேயே வைத்துவிடுவதும் உண்டு.

அதுவரை சும்மா இருப்பதில்லை. ஒரு நல்ல காரியம் செய்த பிள்ளை ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டிலில் போடலாம் என்பது பல கத்தோலிக்கப் பள்ளிகளின் பழக்கம். பென்சில் இல்லாதவனுக்குப் பென்சில் கொடுத்தால் ஒரு வைக்கோல். சண்டை போட்டவளோடு 'பழம்' விட்டால் ஒரு வைக்கோல்.

வைக்கோல் போடும் கைகள் எல்லாம் கிறிஸ்தவக் கைகள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கும் இடம் இது. ஊரும் அப்படித்தான். தொண்டி ஊரிலிருந்து வந்து இங்கே வாழ்ந்து 1838-ல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் 'தொண்டியார்' என்றார்கள். அதிலிருந்து வந்தது தண்டையார்பேட்டை என்பார்கள். பக்கத்து ராயபுரத்துக்குப் பெயர் தந்தவர் ராயப்பர், அதாவது பேதுரு. ஒரு பேட்டைக்கு முஸ்லிம் ஞானி, அடுத்த பேட்டைக்கு மீன்பிடித்த அப்போஸ்தலர்!

வளையத்தை முந்திய புயல்

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருவெள்ளம். அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. 2016-ல் மகிழ்ச்சி ஞாயிறுக்கு மறுநாள், டிசம்பர் 12-ந் தேதி, வர்தா புயல். மரங்கள் சாய்ந்தன.

2023 கதை இன்னும் விசேஷம். அந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3-ந் தேதி. அன்று இரவுதான் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. அந்த வாரமே இல்லை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமெல்லாம் தெருவில் தண்ணீர், வீட்டில் கரண்ட் இல்லை. மதம் பார்க்காமல் எல்லா வீட்டிலும் மெழுகுவர்த்திதான்!

டிசம்பர் 11-ந் தேதி பள்ளி திறந்தபோது இரண்டு ஞாயிறு ஓடியே போய்விட்டது. தேர்வும் தள்ளிப்போனது. சில பிள்ளைகளிடம் புத்தகமே இல்லை, வெள்ளத்தோடு போயிற்று. அவர்களுக்குப் புதுப் புத்தகம் தர அரசு ஏற்பாடு செய்தது.

மூன்றாவது ஞாயிறு, டிசம்பர் 17-ந் தேதி. கோவில்களில் ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றிய அதே நாளில், 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம் வழங்குவதை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வேளச்சேரியில் தொடங்கி வைத்தார்.

எண்ணூருக்கு மட்டும் தண்ணீரோடு கறுப்பும் சேர்ந்து வந்தது. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தில் கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. படகிலும் வலையிலும் பிசின் மாதிரி ஒட்டியது. 2,301 மீனவர்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. பண்டிகை முடிந்த மறுநாள், 26-ந் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள்.

அந்த ஆண்டு நாலாவது ஞாயிறே 24-ந் தேதி. இதைவிடச் சுருங்கிய திருவருகைக் காலம் காலண்டரில் வர வழியே இல்லை. காத்திருக்கக்கூட நாள் கிடைக்காத வருஷம் அது.

காத்திருந்து கிடைத்த சோறு

இன்னொரு காத்திருப்பு மட்டும் வருஷக்கணக்கில் நீண்டது. அதுதான் காலைச் சாப்பாடு.

காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு விடியும் முன் கிளம்பும் அம்மா, ஷிப்டு வேலைக்குப் போகும் அப்பா. பிள்ளை டீயும் பன்னும் சாப்பிட்டு வந்தால் அன்று அதிர்ஷ்டம். பதினொரு மணிக்கு வகுப்பில் தலை சாய்ந்தால் அது தூக்கம் அல்ல, பசி என்பது டீச்சருக்குத் தெரியும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25-ந் தேதி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் கத்தோலிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் 'அரசு உதவி பெறும்' ரகம். நிர்வாகம் திருச்சபை, டீச்சர் சம்பளம் அரசு. மதியச் சத்துணவு உண்டு, காலை உணவு இல்லை. ஒரே தெருவில் மாநகராட்சிப் பள்ளிக்குப் போகிற அண்ணனுக்குப் பொங்கல் சாம்பார். சிஸ்டர் பள்ளிக்குப் போகிற தம்பிக்கு மதியம் மணி அடிக்கும் வரை காத்திருப்பு!

2024 ஜூலை 15-ந் தேதி, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில், கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு வழி திறந்தது. நகரத்துப் பிள்ளைகள் இன்னும் ஒரு வருஷம் பொறுக்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டு 26-ந் தேதி, மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் அதுவும் நிறைவேறியது. 2,429 பள்ளிகள், 3 லட்சத்து 6 ஆயிரம் பிள்ளைகள். நகரத்து உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் காலையில் வயிறு நிறைந்து முதல் மெழுகுவர்த்தியைப் பார்த்த முதல் திருவருகைக் காலம், 2025 நவம்பர் 30-ந் தேதி தொடங்கியது.

ஐந்தாம் வகுப்பு முடித்து அதற்கு முன்பே வெளியே போன பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு கிடைக்காமலே போயிற்று. பசித்த பிள்ளைக்கு 'அடுத்த வருஷம்' என்பது ரொம்ப தூரம். காத்திருப்பை மெழுகுவர்த்தியில் எண்ணலாம். பசியை அப்படி எண்ண முடியாது.

ஜனவரி வரும்

தேர்வு முடிந்ததும் கேக்குத் துண்டு, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம், இரண்டு பாட்டு. பிறகு கேட்டுக்குப் பூட்டு. கிழக்கேயிருந்து வரும் மூன்று ராஜாக்களுக்காக ஜனவரி முதல் வாரம் வரை குடில் இருக்கும். விடுமுறை முடிந்து, மூன்றாம் பருவப் புத்தகம் வாங்க வரும் பிள்ளைகள் எட்டிப் பார்க்கலாம்.

கேழ்வரகுப் பயிர் அதற்குள் மஞ்சள் பூத்திருக்கும். தொட்டிலில் குழந்தை இருக்கும். காலையில் தட்டில் உப்புமாவோ கிச்சடியோ இருக்கும்.

புயல் இல்லாமல் இருந்தால், இன்னும் நல்லது!