தோளை அசைத்தால் விரல் மூடும்!

முதலில் ஒரு சின்ன சோதனை. முழங்கையை பெஞ்சு மேல் ஊன்றி, கையைத் தளர்வாகத் தொங்க விடுங்கள். விரல்கள் நீண்டிருக்கும். இப்போ மணிக்கட்டை மட்டும் மெதுவா பின்பக்கம் மடக்குங்க. நீங்கள் சொல்லாமலேயே விரல்கள் சுருண்டு, கட்டைவிரல் ஆள்காட்டி விரல் பக்கம் வந்து சேரும். விரலை மடக்கும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டிப் போவதால்தான் இப்படி.

கழுத்தில் அடிபட்டு விரல் அசையாமல் போனவர்களில் சிலர் இந்தப் பிடியை வைத்தே பேனா, ஸ்பூன் எடுக்கிறார்கள். மணிக்கட்டும் அசையாதவர்கள் என்ன செய்வார்கள்? அதைத் தேடிப் படித்தபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நம் கழுத்தில் 7 முள்ளெலும்புகள். 5, 6-வது எலும்புப் பக்கம் தண்டுவடம் நசுங்கினால் தோள் அசையும், முழங்கை மடங்கும். விரல் மட்டும் கேட்காது. வாய்வரை கை போகும், ஆனா சோத்தை அள்ள முடியாது. 'கை செத்துப்போச்சு' என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. தசையும், அதற்குப் போகும் நரம்பும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். நடுவில் டெலிபோன் வயர் அறுந்த மாதிரி, மூளையின் கட்டளை மட்டும் வந்து சேராது. அப்படியானால் கட்டளையை வேறு வழியில் கொடுத்தால்?

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் ஹண்டர் பெக்காம் என்ற பொறியாளரின் குழு அதைத்தான் செய்தது. 1986-ல் முதல் நோயாளிக்குக் கருவி வைத்தார்கள். பெயர் 'ஃப்ரீஹேண்ட்'. கையின் தசைகளில் 8 மின்முனைகள். அவற்றின் கம்பிகள் தோலுக்கு அடியிலேயே மேலே ஏறி, நெஞ்சில் பதித்த சின்னக் கருவிக்குப் போகும். உள்ளே பேட்டரி கிடையாது. நெஞ்சுத் தோலின் மேல் ஒட்டிய ஒரு கம்பிச்சுருள் ரேடியோ அலையால் சக்தி அனுப்பும். (பிளக்கில் வரும் கரண்ட் வேற, இது வேற. யாரும் வீட்டில் விளையாடிப் பார்க்காதீங்க!)

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். எப்போ மூடணும், எப்போ திறக்கணும் என்று யார் சொல்வது? அடுத்த பக்கத் தோள்! அதை முன்னும் பின்னும் அசைத்தால் கை மூடும், திறக்கும். சட்டென்று ஒரு குலுக்கு குலுக்கினால் பிடி அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு தோளைத் தளர்த்திவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம், எழுதலாம்.

கஷ்டமும் உண்டு. கரண்டில் வேலை செய்யும் தசை சீக்கிரம் களைத்துவிடும். அதனால் முதலில் பல வாரம் தசைக்குப் பயிற்சி கொடுக்கணும். பலருக்கு விரல் நுனியில் தொடு உணர்ச்சியும் இருக்காது. பிடித்திருக்கிறோமா, நழுவிவிட்டதா என்று கண்ணால்தான் பார்க்கணும்.

1997-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. 200 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் 2001-ல் தயாரித்த கம்பெனி இந்த வியாபாரத்தை விட்டுவிட்டது. கருவி நன்றாக வேலை செய்தது, வாங்குபவர்கள்தான் குறைவு. உடம்புக்குள் வைத்துக்கொண்டவர்கள் ரிப்பேருக்கு எங்கே போவார்கள்? அறிவியல் ஜெயித்தும் கடை மூடிவிட்டது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தோள் வேண்டாம், மூளையையே நேராகக் கேட்போம் என்று பிறகு வந்தார்கள். இயன் பர்க்ஹார்ட் என்ற கல்லூரி மாணவர் 2010-ல் கடல் அலையில் பாய்ந்தபோது அடியில் இருந்த மணலில் மோதி கழுத்து முறிந்தது. அப்போது அவர் வயது 19. (கிணற்றில் தலைகீழாகக் குதிக்கும் நம்ம பசங்க இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.) 2014-ல் ஓஹாயோவில் அவர் மூளையில் ஒரு சிப் வைத்தார்கள். அவர் நினைத்ததைக் கம்ப்யூட்டர் படித்து, முன்கையில் சுற்றிய மின்முனைப் பட்டைக்கு அனுப்பியது. பாட்டிலைப் பிடித்து ஊற்றினார், கிடார் வீடியோ கேம்கூட விளையாடினார். ஆனால் ஆய்வகத்தில் மட்டும்தான். 2021-ல் சிப்பை எடுத்துவிட்டார்கள்.

2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது வேறு வகை. ஆபரேஷன் இல்லை, கழுத்துத் தோலில் மின்முனைகளை ஒட்டி, கூடவே கைப்பயிற்சி. 60 பேரிடம் சோதித்ததில் 72 சதவீதம் பேருக்குக் கை பலமும் வேலைத்திறனும் கூடின. இது தசையை இழுப்பதில்லை, தண்டுவடத்தில் மிச்சமிருக்கும் நரம்பு இழைகளைத் தட்டி எழுப்புகிறது. மிச்சமே இல்லாதவர்களுக்குக் கிளீவ்லேண்ட் மாதிரி வேறு வழிதான் தேவை.