வீடு ஏலத்துக்கு வருகிறதா? கடன் வாங்கியவரும் ஏலம் எடுப்பவரும் தவறவிடக் கூடாத தேதிகள்!

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்த் தேர்தலில் யார் நிற்கலாம் என்று சொல்லும் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி உண்டு. வேட்பாளருக்கு வரி செலுத்தும் கால் வேலி நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும். சுமார் 1,100 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால், சொந்த வீடு இருப்பவருக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை மட்டும் மாறவே இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக் கதவில் ஒருநாள் வங்கி நோட்டீஸ் ஒட்டப்பட்டால்? அடுத்து அதே வீடு நாளிதழில் ஏல விளம்பரமாக வந்தால்? அந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு குடும்பம் கலங்கி நிற்கும். வேறொரு குடும்பமோ, ‘விலை குறைவா இருக்கே, வாங்கிப் போடலாமா?’ என்று கணக்குப் போடும். சட்டத்தில் இருக்கும் சில தேதிகளைத் தவறவிட்டால், இந்த இரண்டு குடும்பங்களுக்குமே நஷ்டம்தான்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனைக் கட்டாவிட்டால், சிவில் கோர்ட்டுக்குப் போகாமலேயே அந்த வீட்டை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தருவது 2002-ம் ஆண்டின் ‘சர்ஃபேசி’ சட்டம். வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வீட்டுக்கடன் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இந்த அதிகாரம் உண்டு.

தவணை பாக்கி 90 நாள்களைத் தாண்டினால், அது வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு, 60 நாள்களுக்குள் முழுக் கடனையும் கட்டச் சொல்லி வங்கி நோட்டீஸ் அனுப்பும். பலர் சறுக்குவது இங்கேதான். பயத்தில் பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவார்கள். வாங்கினாலும் பிரிக்காமல் பரணில் போட்டுவிடுவார்கள். தபாலை மறைத்து வைத்தாலும் நாள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

செய்ய வேண்டியது என்ன? நோட்டீஸில் உள்ள தொகை தவறு என்றாலோ, கட்டிய தவணை கணக்கில் வரவில்லை என்றாலோ எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அதற்கு வங்கி 15 நாள்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே தவணையில் கடனைத் தீர்க்கும் ‘ஓ.டி.எஸ்’ திட்டம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதத்துடன் வீட்டைத் தாங்களே விற்றுக் கடனை அடைக்கவும் வழி இருக்கிறது. ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்க இதில் வாய்ப்பு அதிகம்.

மூடிக்கொள்ளும் கதவு

60 நாள்கள் முடிந்தும் பணம் கட்டவில்லை என்றால், வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கும். பெரும்பாலும் முதலில் நடப்பது ‘பெயரளவு சுவாதீனம்’. அதாவது, கதவில் அறிவிப்பு ஒட்டுவார்கள். 7 நாள்களுக்குள் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வரும். குடும்பம் அந்த வீட்டிலேயேதான் இருக்கும். ஆட்களை வெளியேற்றிச் சாவியைக் கைப்பற்ற, மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை நீதித்துறை நடுவரின் உத்தரவை வாங்கி வருவார்கள்.

இந்த நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள்கள் அவகாசம் உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

‘ஏலத்துக்கு முதல் நாள் பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுக்கலாம்’ என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழு பாக்கியையும் கட்ட வேண்டும் என்று சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. அறிவிப்பு வெளியானதுமே மீட்கும் உரிமை முடிந்துவிடும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதன் பிறகு பணத்தோடு போய் நின்றாலும், வீட்டைத் திருப்பிக் கேட்கும் உரிமை இருக்காது.

ஏலத்தில் கடனைவிட அதிகத் தொகை கிடைத்தால், செலவு போக மீதி கடன்தாரருக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்க வேண்டும். அதேபோல் தொகை குறைந்தால், மீதியை வசூலிக்க வங்கி அவர் மீது வழக்குத் தொடர முடியும்.

வயலுக்கு ஒரு பாதுகாப்பு

நெல் விளையும் உத்திரமேரூர் வட்டாரத்தில் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். விவசாய நிலத்தை சர்ஃபேசி சட்டத்தின் கீழ் ஏலம் விட முடியாது. ஆனால், பட்டாவில் ‘நஞ்சை’ என்று இருந்தால் மட்டும் போதாது. அங்கே உண்மையிலேயே விவசாயம் நடக்க வேண்டும், அதை நிரூபிக்கும் பொறுப்பும் கடன் வாங்கியவருக்குத்தான் என்கிறது உச்ச நீதிமன்றம். எனவே அடங்கல் போன்ற சாகுபடி ஆவணங்களைப் பத்திரப்படுத்துவது நல்லது. இந்தப் பாதுகாப்பால் கடன் தள்ளுபடி ஆகிவிடாது. வேறு சட்ட வழிகளில் வங்கி வசூலிக்கலாம்.

ஏலம் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு...

பொதுத்துறை வங்கிகள் ஏலத்துக்கு விடும் சொத்துகளை ‘பேங்க்நெட்’ இணையதளத்தில் பார்க்கலாம். குறைந்தபட்ச விலையைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால், கையில் பணம் தயாராக இல்லாமல் இறங்கக் கூடாது.

உதாரணமாக, ஒரு வீட்டை 20 லட்சத்துக்கு ஏலம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவிகிதம், அதாவது 5 லட்சத்தை அன்றே அல்லது அடுத்த வேலைநாளுக்குள் கட்டிவிட வேண்டும். மீதி 15 லட்சத்தை, விற்பனை உறுதியான 15 நாள்களுக்குள் செலுத்த வேண்டும். வங்கி சம்மதித்தால் அதிகபட்சம் 3 மாதம் வரை அவகாசம் கிடைக்கும். தவறினால் அந்த 5 லட்சமும் போய்விடும்.

தமிழ்நாட்டில் ஒருவர் 12.27 கோடி ரூபாய்க்கு ஒரு சொத்தை ஏலம் எடுத்தார். மீதிப் பணத்தைக் கட்ட முடியாததால், அவர் கட்டிய சுமார் 3 கோடியை சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா பறிமுதல் செய்தது. அது சரிதான் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வங்கி சொத்தை ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனையில்தான் விற்கும். அதனால் ஏலத்துக்கு முன்பே இவற்றையெல்லாம் பார்த்துவிட வேண்டும்:

* வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா மூன்றும் ஒத்துப்போகின்றனவா? நத்தம் மனையா, ஏரி அல்லது கால்வாய் புறம்போக்கா?

* வங்கி எடுத்திருப்பது பெயரளவு சுவாதீனமா, சாவியோடு கூடிய சுவாதீனமா? வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்?

* கடன் வசூல் தீர்ப்பாயத்திலோ சிவில் கோர்ட்டிலோ வழக்கு நிலுவையில் உள்ளதா? பாகப்பிரிவினைத் தகராறு உண்டா?

* வீட்டு வரி, மின் கட்டண பாக்கி எவ்வளவு? பழைய உரிமையாளரின் மின் பாக்கியைப் புதியவரிடம் கேட்க விதிகளில் இடம் இருந்தால் அது செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

* முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் எவ்வளவு வரும்? சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருமுறை நேரில் போய் வாருங்கள். அக்கம்பக்கத்தில் பேசினாலே பத்திரத்தில் இல்லாத பல விஷயங்கள் தெரியவரும். உள்ளே ஒரு குடும்பம் இன்னும் குடியிருந்தால், அவர்களை வெளியேற்றுவது வங்கியின் பொறுப்பா, உங்கள் பொறுப்பா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் கிடைக்கும் வரை ஏலத்தில் கை வைக்காதீர்கள்.

தவணை கட்ட முடியாமல் தவிப்பவர்களும் இன்றே ஒரு வேலை செய்யலாம். பரணில் போட்ட அந்தத் தபாலை எடுத்துப் பிரியுங்கள். முதலில் தேதியைப் பாருங்கள். ஏல அறிவிப்பு இன்னும் வரவில்லை என்றால், வீட்டை மீட்க வழி இருக்கிறது.