உப்புக் காற்றும் எங்க வீட்டு லேத்தும்

எங்கள் ஊர் மரக்காணம். ஜனவரி வாக்கில் உப்பளத்தில் வேலை ஆரம்பித்தால், வடகிழக்குப் பருவமழை வரும் வரை என் கணவருக்கு ஓய்வே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் பழைய லேத், டிரில்லிங் மிஷின், வைஸ் வைத்து, உப்புத் தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து தருகிறார். பம்பு நின்றால் பாத்தியில் உழைக்கும் பெண்களுக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் ராத்திரியானாலும் முடித்துக் கொடுத்துவிடுவார்.

மிஷின் துடைப்பது என் பொறுப்பு. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். படிந்த உப்பின் மேலேயே எண்ணெய் தடவினால், அடியில் துரு அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைப்பேன். அடுத்து, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் மிஷின் எண்ணெய். அரிவாள்மனைக்கும் இதே முறைதான். ஆனால் அதற்குத் தேங்காய் எண்ணெய்.

தோழிகளே, இன்னொன்று. லேத் ஓடும்போது பக்கத்தில் போவதாக இருந்தால் முந்தானையை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டையாகப் போட்டு, வளையலைக் கழற்றிவிடுங்கள். கையுறையும் வேண்டாம், சுழலும் மிஷின் அதையும் கையோடு இழுத்துவிடும். வேலை ஒரு நிமிஷம் தாமதமானால் பரவாயில்லை, நம் கை முக்கியம் இல்லையா?

- ஒரு வாசகி, மரக்காணம்.