கடலடியில் கிடக்கும் விமானம் யாருடையது?

திருத்துறைப்பூண்டி விவசாயி ஒருவரிடம் ஒரு பிடி நெல்லைக் கொடுங்கள். நிறத்தையும் நீளத்தையும் பார்த்தே, "இது மாப்பிள்ளைச் சம்பா, இது கருங்குறுவை" என்று சொல்லிவிடுவார்.

அது யார் வயலில் விளைந்தது? மூட்டையில் சீட்டு இருந்தால்தான் தெரியும்!

போரில் கடலில் விழுந்த விமானமும் அப்படித்தான். உருவத்தைப் பார்த்தால் ரகம் தெரியும். அதில் போனவர்கள் யார் என்று அறிய, விமானத்தின் எண் வேண்டும்.

பக்கத்துக் கடலில் போர்

1942-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி. இலங்கையை நோக்கி ஜப்பானியக் கடற்படை வந்துகொண்டிருந்தது. கனடா விமானி லியோனர்ட் பர்ச்சால் அதைக் கண்டுவிட்டார். அவர் ஓட்டியது 'கேட்டலினா' என்ற கடல் விமானம்.

எச்சரிக்கைச் செய்தி அனுப்பும்போதே ஜப்பானிய 'ஜீரோ' விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. விமானத்தில் இருந்த 9 பேரில் 3 பேர் மாண்டனர். 6 பேர் சிறைப்பட்டனர்.

மறுநாள் கொழும்பிலும், 9-ந் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. இரு தரப்பும் விமானங்களை இழந்தன.

ஒலியே விளக்கு!

ஆழ்கடலில் சூரிய வெளிச்சம் இல்லை. அதனால் 'சோனார்' கருவி ஒலியை அனுப்புகிறது. தரையில் பட்டுத் திரும்பும் ஒலி படமாக மாறுகிறது.

பிறகு அளந்து பார்க்கிறார்கள். ஜீரோவுக்கு ஒரே எஞ்சின். இறக்கை நீளம் 39 அடி. கேட்டலினாவுக்கு இரண்டு எஞ்சின். இறக்கை 104 அடி. இரண்டையும் பிரித்தறிவது எளிது.

ஒரே ரகத்தில் பல விமானங்கள் விழுந்திருந்தால்? எஞ்சினிலும் பாகங்களிலும் பொறித்த எண்களைத் தேடிப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிடுகிறார்கள்.

ஏழரை ஆண்டுக் காத்திருப்பு

இது போர்க்கால விமானங்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல. 2016-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் சென்ற இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலில் மறைந்தது.

2024 ஜனவரியில் பதில் கிடைத்தது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்திருந்தது.

படங்கள் ஏ.என்.-32 விமானத்தோடு பொருந்தின. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவும் இல்லை. 29 குடும்பங்களுக்கும் ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு விடை கிடைத்தது.

வலையில் சிக்கினால்...

முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கத்து மீனவர்களே! வலையில் பழைய உலோகத் துண்டு சிக்கினால் தட்டிப் பார்க்காதீர்கள். போர்க்கால வெடிகுண்டு இன்றும் வெடிக்கலாம்! இடத்தைக் குறித்துக்கொண்டு கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

பழைய இரும்புக் கடையில் போட்டால் சில ரூபாய் கிடைக்கும். ஆனால் அதோடு எண்ணும் போய்விடும். ஒரு மகன் எங்கே மாண்டான் என்ற சேதியும் போய்விடும்.