ஊரார் பிள்ளை

“ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்பது நம் பாட்டிமார் வாய்மொழி. கம்பம் பள்ளத்தாக்கில் இது வெறும் பழமொழி அன்று. அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களிலிருந்து மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள் பாட்டி வீட்டிலும் அத்தை வீட்டிலும் வளர்வதை நாம் அறிவோம். ஆனால், அப்படி ஏந்திக்கொள்ள உறவினர் எவரும் இல்லாத குழந்தையின் கதி யாது? இல்லங்கள் உணவும் கல்வியும் தரும். “சாப்பிட்டாயா?” என்று அந்த ஒரு பிள்ளையைத் தேடி வந்து கேட்க ஒரு வீடு வேண்டுமன்றோ?

அவ்வீட்டைத் தருவதே வளர்ப்புப் பராமரிப்பு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்கு வழி வகுக்கிறது.

தத்தெடுப்பும் இதுவும் ஒன்றல்ல. தத்தெடுத்த பிள்ளை சட்டப்படி நம் பிள்ளையே. வளர்ப்புப் பிள்ளையோ நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளை. பெற்றவர்கள் இருந்தால், குழந்தையின் நலனுக்கு ஊறு இல்லாதவரை, அவர்கள் வந்து பார்க்கலாம். அவர்கள் நிலை சீரானதும் குழந்தை அவர்களிடமே திரும்பலாம்.

விரும்புவோர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுதல் வேண்டும். அலுவலர்கள் வீட்டிற்கு வந்து குடும்பச் சூழலை ஆராய்வர். பிறகு குழந்தைகள் நலக் குழு ஆணை பிறப்பிக்கும். உடன்பிறந்தோரைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் சேர்க்கவே முயல்வர். மாதந்தோறும் குழந்தையின் நலம் பார்த்துச் செல்லவும் சட்டம் ஏற்பாடு செய்துள்ளது. இதனைச் சந்தேகம் என எண்ணலாகாது. வாய் திறந்து குறை சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அதுவே காவல். பராமரிப்புச் செலவுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. 2024இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகள் மணமாகாத தனிநபர்களுக்கும் இடமளித்தன. ஐந்தாண்டு வளர்த்தபின் தத்தெடுக்கலாம் என்றிருந்ததை இரண்டாண்டாகக் குறைத்தன.

இப்பணியில் கடினமானது செலவு அன்று, பிரிவு. பாடம் சொல்லி, காய்ச்சலில் கண்விழித்து வளர்த்த பிள்ளையை ஒருநாள் மகிழ்வோடு வழியனுப்ப வேண்டும். நாற்றங்காலில் வளரும் நாற்று வேறு வயலுக்கே உரியது. அதனால் நாற்றங்காலுக்குத் தண்ணீரைக் குறைப்பார் உண்டோ?

பழமொழி தன் பிள்ளை வளரும் என்று ஒரு பலனைச் சொல்கிறது. பலன் கருதாமலும் ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கலாம். நாளை இல்லறம் ஏற்கப்போகும் மாணவ நண்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக!