தாயின் கையெழுத்தும் சரித்திரமே

ஒரு வாடகை வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குக் குடிபெயரும்போது நாம் முதலில் கழித்துவிடுவது எது? பாத்திரங்களும் மெத்தையும் பத்திரமாக வண்டியில் ஏறுகின்றன. பரண்மேல் இருக்கும் தகரப்பெட்டியின் கடிதங்களோ, பழைய பேப்பர் வாங்குபவரின் தராசில் ஏறுகின்றன. வாடகை ஒப்பந்தத்திற்கும் சம்பளச் சான்றிற்கும் ஒரு கோப்பு உண்டு. அம்மா ஊரிலிருந்து எழுதிய இன்லேண்டு கடிதத்திற்கு அதில் இடமில்லை. பெண்களின் எழுத்து பெரும்பாலும் இவ்விதமாகவே மறைந்துபோகிறது.

மறையாமல் தப்பியவை எவ்வளவு விலையேறப்பெற்றவை என்பதற்கு மகாராஷ்டிராவிலேயே சான்றுகள் உண்டு. 1855ஆம் ஆண்டு, புனேயில் ஜோதிராவ் பூலே, சாவித்திரிபாய் தம்பதியர் நடத்திய பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்னும் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அவளும் மாங் குலத்தில் பிறந்தவளே. தலைக்குமேல் கூரையுமின்றி, மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தன் இனத்துப் பெண்களின் வேதனையை அவள் அதில் எடுத்துரைத்தாள். அமெரிக்க மிஷனரிகள் 1842இல் தொடங்கிய 'ஞானோதயா' என்னும் மராத்திப் பத்திரிகை அதனை அந்த ஆண்டே இரு பகுதிகளாக வெளியிட்டது. அந்த மக்களைப் பற்றி அதிகாரிகளும் பிறரும் எழுதிய பக்கங்கள் ஏராளம். அவர்களுள் ஒருத்தி தானே எழுதியதோ மிக அரிது. ஒரு பத்திரிகை அதனை அச்சிட்டதாலும், யாரோ சிலர் அந்தப் பழைய இதழ்களை எறிந்துவிடாமல் காத்ததாலும், அச்சிறுமியின் குரல் இன்றும் நமக்குக் கேட்கிறது.

சாவித்திரிபாய் தம் கணவருக்கு எழுதிய கடிதங்களுள் மூன்று எஞ்சியுள்ளன. 1877ஆம் ஆண்டுக் கடிதம் ஜுன்னர் பகுதியிலிருந்து எழுதப்பட்டது. பஞ்சத்தின் கொடுமையையும், அங்கே நடந்த நிவாரணப் பணியையும் அது கூறுகிறது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த அதே காலம் அது. தானியத்தின் விலையையும் மாண்டவர்களின் கணக்கையும் அரசாங்க அறிக்கைகளில் காணலாம். பட்டினியால் வாடியவர்களின் அருகே நின்று ஒரு பெண் கண்டதைக் கடிதமே சொல்லும்.

எழுதிவைக்க வாய்ப்பில்லாதவர்களின் நிலை என்ன? அவர்களுடைய நினைவே ஏடு. ஊர்மிளா பவார், மீனாட்சி மூன் என்னும் இரு பெண்கள், அம்பேத்கரின் இயக்கத்தில் பங்கேற்ற பெண்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்லக் கேட்டு எழுதி, 1989இல் மராத்தியில் நூலாக வெளியிட்டனர். அவர்கள் போகாதிருந்தால், அந்த நினைவுகள் பலவும் அப்பெண்களோடு அடக்கமாகியிருக்கும்.

மும்பையில் இப்பணிக்கென்றே ஓர் இல்லம் உண்டு. 'அம்பை' என்ற பெயரில் தமிழில் எழுதும் சி.எஸ். லட்சுமி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் இணைந்து 1988இல் நிறுவிய 'ஸ்பாரோ' என்னும் பெண்கள் ஆவணக் காப்பகம் அது. தகிசரில் அமைந்துள்ள இக்காப்பகம் பெண்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள், புகைப்படங்கள், வாய்மொழி வரலாறுகள் முதலியவற்றைச் சேகரித்துப் பேணுகிறது.

சகோதரிகளே, நம் வீடுகளிலும் இத்தகைய செல்வம் இருக்கிறது. குடும்ப வேதாகமத்தின் வெற்றுப் பக்கத்தில் பாட்டி எழுதிய பிறப்பு, ஞானஸ்நானம், மரணத் தேதிகள். முதன்முதல் நகரத்திற்கு வந்த மகளுக்குத் தாய் எழுதிய புத்திமதி. கடன் வாங்கியதும் அடைத்ததுமான கணக்கு நோட்டு. ஊரைவிட்டு வந்த ஒரு குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பதை இவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் சாட்சி எது?

காப்பதற்குப் பெரும் செலவில்லை. காகிதங்களிலுள்ள குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பிகளை மெதுவாக அகற்றுங்கள். அவற்றின் துரு காகிதத்தை அரிக்கும். லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், இரண்டும் நாளடைவில் காகிதத்தைக் கெடுக்கும். தூய பருத்தித் துணியில் சுற்றி, மழைக்கால ஈரம் எட்டாத இடத்தில் வையுங்கள். புகைப்படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மென்மையாகக் குறியுங்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்து, உடன்பிறந்தாரிடமும் ஒரு பிரதி இருக்கச் செய்யுங்கள். காப்பகத்திற்குக் கொடுக்க விரும்பினால், எழுதியவர் உயிரோடிருக்கும்போது அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று உண்டு. காகிதம் சில ஆண்டுகள் காத்திருக்கும். முதியவரின் நினைவு காத்திராது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அம்மாவின் அருகில் ஒரு மணி நேரம் அமர்ந்து, கைபேசியில் பதிவை இயக்கி, "நீங்கள் படித்த பள்ளிக்கூடம் எப்படி இருந்தது அம்மா?" என்று கேளுங்கள்.