உங்களுக்குத் தெரியுமா? கருவே இல்லாத பார்லியும் மாவைச் சர்க்கரையாக்கும்!

பார்லி மணியைக் குறுக்கே வெட்டி, கரு உள்ள பாதியை நீக்கிவிடுங்கள். மிச்சப் பாதி முளைக்கவே முளைக்காது. ஆனால், ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் துளியூண்டு சேர்த்து ஈரத்தில் வைத்தால், அதன் மாவுச்சத்து ஓரிரு நாளில் இளகிச் சர்க்கரையாகத் தொடங்கிவிடும்!

• வேலையைச் செய்வது தவிட்டை ஒட்டிய அலியூரோன் படலம். கோதுமையில் அது ஒரே ஒரு செல் தடிமன்தான். முற்றிய மணியின் மாவுப்பகுதி முழுக்கச் செத்த செல்கள். உயிரோடிருப்பவை கருவும் இந்தப் படலமும் மட்டுமே.

• நீர் குடித்த கரு ஜிப்ரலினை அனுப்பும். படலம் ஆல்ஃபா அமிலேஸ் நொதியைச் சுரக்கும். கருவுக்கு ஊட்டி முடித்ததும் படலத்தின் செல்கள் தாமே மடிந்துவிடும். எவ்வளவு பெரிய ஈகை!

• அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் இந்த நொதிச் சுரப்புக்குக் கடிவாளம்.

• ஜிப்ரலினின் தடயம் நெற்பயிர் நோயில் கிடைத்தது. அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டிக் கொடுத்தாலே நாற்று நெடுநெடுவென வளர்வதை 1926-ல் தைவானில் காட்டினார் ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா.

• முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி கெட்டிப்படாமல் நீர்க்க இருப்பதும் அமிலேஸின் கைங்கரியமே.